ஜூம் இல்லாத சின்ன கேமராவும் கே.ஆர்.பி. அணைப் பூங்காவும்

கேட்டவரின் சிக்கல் சுருக்கமாக இதுதான். கையில் ஃபியூஜி எக்ஸ்100வி இருக்கிறது. லென்ஸை மாற்ற முடியாது, ஜூமும் கிடையாது. கிருஷ்ணகிரியில் குடியிருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைப் பூங்காவுக்குப் போகிறார். நேரில் அவ்வளவு அழகாக இருக்கும் இடம் படத்தில் வெறும் பச்சைக் குவியலாக வருகிறது. பூக்கள் குட்டியாகத் தெரிகின்றன. செம்பருத்தியும் காகிதப்பூவும் இதழ் மடிப்பே இல்லாமல் பெயின்ட் பூசியதுபோல இருக்கின்றன. ஜூம் லென்ஸ் போடக்கூடிய கேமராவுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

மாற வேண்டாம். குறைந்தது இந்தக் காரணத்துக்காக மாற வேண்டாம். ஜூம் இருந்தால் தூரத்துப் பூவைப் பெரிதாக்கலாம், உண்மைதான். ஆனால் அப்படி எடுத்த செம்பருத்தி கிருஷ்ணகிரியில் பூத்ததா, சேலத்தில் யார் வீட்டுத் தொட்டியிலாவது பூத்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் கேமராவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பூ எங்கே நிற்கிறது, அதன் பின்னால் எந்தப் பாதை போகிறது, அந்தப் பாதையில் யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் ஒரே படத்துக்குள் கொண்டுவரும் அகலம் அதற்கு உண்டு. பூவைவிடப் பூங்காவை எடுக்கத்தான் அது தோதானது. நீங்கள் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. எக்ஸ்100வி-யில் இருப்பது 23 மி.மீ. லென்ஸ். பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் அது 35 மி.மீ. பார்வைக்குச் சமம். இந்தப் பார்வைக்கு ஒரு வசதி உண்டு: நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, ஏறத்தாழ அதே அளவு அகலம்தான் ஃபிரேமுக்குள் விழும். 3 மீட்டர் தள்ளி நின்றால் 3 மீட்டர் அகலம், 10 மீட்டர் தள்ளி நின்றால் 10 மீட்டர் அகலம். கேமராவை நெட்டையாகப் பிடித்தால் அதே அளவு உயரம். இதை மனதில் பதித்துக்கொண்டால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே படம் தெரிந்துவிடும். 10 செ.மீ. அகலச் செம்பருத்தியை 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அது படத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குதான். பூ குட்டியாக வருவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை. பாத்திக்கு வெளியே நடைபாதையில் நின்றபடியே எடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான். இதேபோல ஜூம் இல்லாத இன்னொரு சின்ன கேமராவான ரிக்கோ ஜிஆர் 3 வைத்திருப்பவர்களுக்கு அது 28 மி.மீ. பார்வை, இன்னும் அகலம்: 3 மீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 4 மீட்டர் உள்ளே வரும். ஜிஆர் 3எக்ஸ் 40 மி.மீ. பார்வை, 3 மீட்டரில் 2.7 மீட்டர்.

ஆக, தூரத்தை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். பூங்காவில் நான் பயன்படுத்தும் தூரங்கள் மூன்றுதான். ஒரு சாண் தூரம், இரண்டு மூன்று மீட்டர், அப்புறம் பத்து மீட்டருக்கு மேல். இவற்றுக்கு நடுவில் ஓர் இடம் இருக்கிறது, நான்கைந்து மீட்டர். பெரும்பாலானவர்கள் அங்கேதான் நிற்கிறார்கள், வேலி அங்கே நிற்க வைக்கிறது. செடியும் தெளிவாகத் தெரியாது, இடமும் தெளிவாகத் தெரியாது. உங்கள் பச்சைக் குவியல் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான் பிறக்கிறது.

ஒரு சாண் தூரத்தை முதலில் பார்ப்போம். எக்ஸ்100வி 10 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் பிடிக்கும். முந்தைய எக்ஸ்100எஃப் வரை இருந்த லென்ஸ், இவ்வளவு கிட்டத்தில் எஃப் 2-இல், அதாவது அபர்ச்சர் என்னும் லென்ஸ் துவாரம் முழுதாகத் திறந்திருக்கும்போது, சற்றே பனி மூடியதுபோல மங்கலாக இருக்கும். 2020-இல் வந்த வி-யில் லென்ஸையே மாற்றி வடிவமைத்ததால் அது பெருமளவு சரியாகிவிட்டது. இருந்தாலும் எஃப் 4-இல் வையுங்கள். அந்தத் தூரத்தில் எஃப் 4-இலேயே பின்னணி போதுமான அளவு கலங்கிவிடும், பூவின் முன்னிதழும் மகரந்தத் தண்டும் சேர்ந்து தெளிவாக வரும். இவ்வளவு கிட்டே போகும்போது கேமராவின் நிழல் பூமேல் விழும், கவனியுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இல்லாமல் பக்கவாட்டிலோ பூவுக்குப் பின்னாலோ இருக்கும்படி நின்றால் அந்தத் தொல்லை இல்லை. ஜிஆர் 3-இல் மேக்ரோ பொத்தானை அழுத்தினால் 6 முதல் 12 செ.மீ. வரை போகலாம், ஒற்றைச் செம்பருத்தி ஃபிரேமுக்கு வெளியே வழியும்.

ஆனால் கிட்டே எடுக்கும்போதும் அகன்ற பார்வையை வீணாக்காதீர்கள். கல்வாழைப் பாத்தி முன்னால் குந்தி உட்கார்ந்து, கேமராவைப் பூவின் உயரத்துக்கு இறக்கி, பூவை ஓர் ஓரத்தில் பெரிதாக வைத்து, மீதி இடத்தில் பாதையும் பெஞ்சும் லேசாகக் கலங்கித் தெரியும்படி எடுத்துப் பாருங்கள். அந்தக் கலங்கலில் சேலை நிறம் ஒன்று நடந்துபோகும்வரை காத்திருங்கள். எக்ஸ்100வி-யில் மடியும் திரை இருப்பதால் மண்ணில் படுக்க வேண்டியதில்லை. பாத்திக்குள் மட்டும் கால் வைக்காதீர்கள். அந்தப் பாத்தி நாற்று நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் உழைப்பு.

இப்போது இரண்டு மூன்று மீட்டர், அதாவது மனிதர்களின் தூரம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

கே.ஆர்.பி. அணை காமராசர் ஆட்சிக்காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பல தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பூங்காவும் வெளியே கடைகளில் பொரிக்கும் மீனும்தான். காணும் பொங்கலன்று போனால் புல்தரையே தெரியாது, பாயும் தூக்குச்சட்டியும்தான் தெரியும். ஒரு பூங்கா எதற்காக இருக்கிறதோ அது அங்கே கண்ணெதிரே நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஆள் இல்லாத ஓரமாகப் போய் இட்லிப்பூவை மட்டும் எடுத்துவருவது பெரிய இழப்பு. பத்து வருடம் கழித்து நீங்களும் உங்கள் பிள்ளைகளும் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது, ஊஞ்சலில் இருந்து இறங்க மாட்டேன் என்று அழும் குழந்தையும் அதைச் சமாதானப்படுத்தும் தாத்தாவும் இருக்கிற படத்தைத்தான். பின்னால் காகிதப்பூ பூத்திருந்தால் அது அந்தப் படத்துக்குக் கிடைத்த கூடுதல் வரம்.

சின்ன கேமரா இங்கே பெரிய உதவி. பெரிய லென்ஸை நீட்டினால் ஆட்கள் விறைத்துக்கொள்கிறார்கள், அல்லது எந்தப் பத்திரிகை என்று கேட்கிறார்கள். இந்தச் சின்ன கேமராவை யாரும் பொருட்படுத்துவதில்லை. எக்ஸ்100வி-யின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் மிகக் குறைவு. அதனாலேயே உங்கள் பொறுப்பு கூடுகிறது. தெரியாமல் எடுக்க முடியும் என்பதால் தெரியாமல் எடுக்கலாம் என்று ஆகிவிடாது. இரண்டு மீட்டரில் நின்று ஒருவர் முகத்தை எடுக்கிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, பாப்பா ஊஞ்சல் ஆடுறத ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். நம் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய வரும். கேமராவைக் காட்டித் தலையசைத்துக் கேட்டாலே புரிந்துகொள்வார்கள். கேட்டதும் எல்லோரும் நேராக நின்று போஸ் கொடுப்பார்கள். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டுங்கள். அதன்பிறகு அவர்கள் உங்களை மறந்து தங்கள் வேலைக்குத் திரும்பும்போதுதான் உங்களுக்கு வேண்டிய படம் வரும்.

தனியாக உட்கார்ந்திருக்கும் இளம் ஜோடிகளை எடுக்கவே எடுக்காதீர்கள். முதுகுப் பக்கம்தானே, நிழலுருவம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நம் ஊர்களில் சட்டையையும் சுடிதாரையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண்ணுக்குப் படிப்பு நின்றுபோகலாம், அதைவிட மோசமாகவும் நடக்கலாம். எந்தப் புகைப்படமும் அதற்கு ஈடாகாது. மற்றவர்களின் குழந்தைகளை எடுத்தால் பெற்றவர்களிடம் காட்டுங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். பூங்காவில் களை எடுப்பவர்களையும் குழாய் பிடிப்பவர்களையும் எடுத்தால் அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு எந்தச் செடி எப்போது பூக்கும், எந்தப் பாத்தியில் புதிதாக நட்டிருக்கிறது என்பதையெல்லாம் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள். அணையின் மேலும் மதகுப் பக்கமும் கேமராவைத் தூக்குவதற்கு முன் அங்கே பணியில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும் குழந்தைகளைத் துரத்தி ஃபோகஸ் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அபர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, மூன்றரை மீட்டரில் நிறுத்திவிடுங்கள். சுமார் 1.75 மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை எல்லாமே தெளிவாக இருக்கும். அப்புறம் பொத்தானை அழுத்தினால் உடனே படம். ஷட்டர் வேகம் 1/500-க்குக் குறையாமல் இருக்கட்டும், ஐஎஸ்ஓ-வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் விடுங்கள். ஜிஆர் 3-இல் ஃபோகஸை ஒரே தூரத்தில் நிறுத்திவைக்க ஸ்னாப் ஃபோகஸ் என்றே ஒரு வசதி இருக்கிறது, 2.5 மீட்டரில் வைத்து எஃப் 8 கொடுத்தால் போதும்.

பத்து மீட்டருக்கு மேலே என்றால் மரங்களும் பாதைகளும். தூரத்துப் பாறை மலைகள் கண்ணுக்கு உயரமாகத் தெரிந்தாலும் இந்த லென்ஸில் ஒரு விரல் உயரத்துக்குச் சுருங்கிவிடும். மலையைப் படத்தின் பொருளாக்காமல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அகன்ற லென்ஸில் தூரத்துக் காட்சி எடுபட வேண்டுமானால் முன்னால் ஏதாவது இருக்க வேண்டும்: தாழ்ந்து தொங்கும் கிளை, தண்ணீர் தேங்கிய பாதை, காலியான சறுக்குமரம். நெட்டிலிங்க வரிசைக்கு நடுவே நேராக நின்று எடுக்கும் படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள், பலருக்குப் பிடிக்கவும் செய்கிறது. எனக்கு அந்த வரிசைக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஒரு தண்டைக் கிட்டத்தில் வைத்து எடுப்பதுதான் பிடிக்கும். உயரமான மரத்தை அண்ணாந்து எடுத்தால் தண்டு பின்னால் சாய்ந்ததுபோலத் தெரியும். கேமராவை நிமிர்த்தி, மட்டமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதுதான் வழி. பின்னால் போக இடம் இல்லையென்றால் மரத்தின் உச்சியை விட்டுவிடுங்கள். வேர்ப்பகுதியும் நிழலும் போதும்.

அடுத்து வெளிச்சம். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 12.5 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் இலை ஒவ்வொன்றும் மேலே வெள்ளையாகப் பளபளக்கும், கீழே கறுப்பாக இருக்கும். எந்த கேமராவாலும் அதைச் சமாளிக்க முடியாது. வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் நீண்ட பொன்மாலை நமக்குக் கிடையாது. நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும், நல்ல வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். பூங்கா காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கும்போதே வெயில் ஏறிவிடும் என்றால் மாலை நான்கரைக்கு உள்ளே போய், இருட்டும்வரை இருங்கள்.

அந்த நேரத்தில் தூங்குமூஞ்சி மரம் இருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். மாலையானால் அதன் இலைகள் மடிந்துவிடும். பகலில் அடர்ந்த நிழலாக இருந்த கூரையில் ஓட்டை விழுந்து, சாய்ந்த வெயில் உள்ளே இறங்கும். வெயிலுக்கு எதிரே நின்று, குரோட்டன்ஸ் இலையையோ கல்வாழை இலையையோ சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் வையுங்கள். இலைக்குள் விளக்கேற்றியதுபோல நரம்பு நரம்பாகத் தெரியும். சூரியன் நேராக லென்ஸில் அடித்தால் படம் வெளுத்துப்போகும், ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் அதை மறைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மழை பெய்யாமலேயே வானம் மூட்டமாக இருக்கும் நாட்கள் நிறைய வரும். பூக்களுக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை, நடுமதியத்திலும் எடுக்கலாம். அக்டோபர் மழைக்குப் பிறகு புல்தரை நன்றாகத் தேறியிருக்கும். ஏப்ரலில் புல் காய்ந்து கிடக்கும், ஆனால் சரக்கொன்றை பூக்கும், புங்கன் தளிர் விட்டிருக்கும். அப்போது கேமராவைத் தரையிலிருந்து மேலே திருப்புங்கள்.

செம்பருத்தி பெயின்ட் மாதிரி வருவது கேமராவின் கோளாறு இல்லை. கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது மொத்தக் காட்சியையும், அதிலும் பச்சையை அதிகமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சுற்றிலும் கரும்பச்சை இலை இருந்தால் படத்தைப் பிரகாசமாக்கும். அப்போது சிவப்பு மட்டும் அளவைத் தாண்டிப் போய், இதழின் மடிப்பும் நரம்பும் ஒரே சிவப்பில் கரைந்துவிடும். வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராமில் இது தெரியாது, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் வட்டை மைனஸ் மூன்றில் இரண்டுக்கு இறக்குங்கள், அடர்சிவப்பு என்றால் மைனஸ் ஒன்று. உங்கள் படங்கள் எல்லாம், நிறங்களை அழுத்தமாகக் காட்டும் வெல்வியா என்ற ஃபியூஜி நிற அமைப்பில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மலைக்கும் வானத்துக்கும் அது அழகு, சிவப்புப் பூவுக்கு ஆகாது. அதே பட்டியலில் உள்ள ப்ரோவியாவோ ஆஸ்டியாவோ வையுங்கள், கூடவே பின்னால் கணினியில் திருத்த வசதியான ரா (பதப்படுத்தாத) கோப்பும் எடுங்கள். வெள்ளைப் பூவுக்குச் சிக்கல் வேறு. மர நிழலில் நந்தியாவட்டை லேசாகப் பச்சையோ நீலமோ பூசிக்கொள்ளும். வெள்ளைச் சமநிலையை நிழல் என்று மாற்றினால் நீலம் போய்விடும், பச்சையை ரா கோப்பில்தான் சரிசெய்ய வேண்டும்.

இலைப் பச்சை சோகையாகத் தெரிந்தால் நிறத்தைக் கூட்டாதீர்கள். இலைமேல் படியும் வானத்தின் பளபளப்புதான் பச்சையை வெளுக்க வைக்கிறது. போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். எக்ஸ்100வி-யில் அடாப்டர் வளையம் மாட்டினால் 49 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். அதைத் திருப்பத் திருப்ப இலையின் மினுக்கம் போய் உள்நிறம் எழும்பும். மழை நின்ற பிறகு இதன் பலன் மிக அதிகம். வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்னொன்று: ஃபியூஜியின் ரா கோப்பைக் கணினியில் திறந்து கூர்மையை அதிகம் ஏற்றினால் இலைக்கூட்டம் புழு நெளிவதுபோல ஆகிவிடும். எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரின் குணம் அது. கூர்மையைக் குறைவாகவே வையுங்கள்.

நல்ல வெயிலில் எஃப் 2-இல் பின்னணியைக் கலக்கி எடுக்க ஆசைப்பட்டால் ஷட்டர் வேகம் 1/10,000-ஐத் தொட வேண்டியிருக்கும். லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டரால் அவ்வளவு வேகம் முடியாது. கேமரா மின்னணு ஷட்டருக்குத் தாவினால் காற்றில் ஆடும் பூ வளைந்து பதியலாம். கேமராவுக்குள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் 4 ஸ்டாப் என்டி ஃபில்டர் இருக்கிறது, அதைப் போட்டால் 1/640-க்கு வந்துவிடும். நீரூற்று ஓடும்போது மாலை மங்கலில் அதே ஃபில்டரைப் போட்டு 1/4 நொடி கொடுத்தால் தண்ணீர் இழையிழையாக வரும். எக்ஸ்100வி-யில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லாததால் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

வெட்டி எடுப்பதைப் பற்றித் தயங்க வேண்டாம். 26 மெகாபிக்சலில் எடுத்ததை 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினாலும் 12 மெகாபிக்சலுக்குக் குறையாமல் மிஞ்சும். ஏ4 அளவுக்கு நல்ல பிரிண்ட் போட அது தாராளம். எட்டாத கிளையில் உட்கார்ந்த மைனாவுக்கு இது போதாது, பறவைக்கு வேறு கேமராதான். முன்னால் மாட்டி 50 மி.மீ. ஆக்கும் கூடுதல் லென்ஸ் விற்கிறார்கள். அதை இப்போதைக்கு வாங்க வேண்டாம். கைக்கு அடக்கமான சின்ன கேமரா என்ற வசதியே அதில் போய்விடும்.

தூசி விஷயத்தில் கவனமாக இருங்கள். கோடையில் பூங்காப் பாதையின் செம்மண் புழுதி எல்லா இடுக்கிலும் ஏறும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் உள்ளே போன தூசியை நீங்களே துடைக்கவும் முடியாது, சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஜிஆர் 3-இன் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் வகை என்பதால் தூசியை இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அதை வெறுமனே சட்டைப்பையில் போடாமல் சிறு உறையில் வையுங்கள். எக்ஸ்100வி-க்கு அடாப்டர் வளையமும் முன்னால் ஒரு ஃபில்டரும் மாட்டிய பிறகுதான் தூசிக்கும் தூறலுக்கும் தாங்கும் என்று நிறுவனமே சொல்கிறது. போலரைசர் வாங்கும்போதே சாதாரணப் பாதுகாப்பு ஃபில்டர் ஒன்றையும் சேர்த்து வாங்கி, எப்போதும் மாட்டியே வையுங்கள். நீரூற்றுச் சாரல் பட்டால் உடனே மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், காயவிட்டால் உப்புக்கறை பிடிக்கும்.

அடுத்த ஞாயிறு போய் எடுத்துவிட்டு, சரியாக வராத படங்களையே அனுப்புங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரத்தில் நின்று, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று மட்டும் கூடவே எழுதுங்கள்.